கும்பாதிரி

ஆறுமுகநேரி
16-9-1974

அன்புள்ள எர்மலினுக்கு,

பெண் பிள்ளை என்று அற்புதமணி அக்கா வந்து சொன்னார்கள். தலை நிறைய முடி, உன் நிறம், என் மூக்கு என்றார்கள். பெற்ற மகளை நான் ஒரு நர்ஸின் வாயால் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கா மட்டும் உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களாக இல்லாவிட்டால் அதுவும் எனக்குக் கிடைத்திருக்காது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று உன் மம்மா ஆள் விட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். பாளையங்கோட்டையில் நாம் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள். பேரப்பிள்ளை என்றதும் மனம் இளகிவிட்டது என்று நம்பினேன். நானே காரில் கொண்டுவந்து உன்னை இறக்கிவிட்டேன். கேட் உனக்குத் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை. அப்போதே உன்னைத் திரும்பக் கூட்டி வந்திருக்க வேண்டும். புத்தி கெட்டவன் நான்.

சனிக்கிழமை மறுபடியும் வந்து நின்றேன். "முதலாளி உத்தரவு இல்ல அண்ணாச்சி, என் சோத்துல மண்ணப் போட்டுராதீங்க" என்றான் மாசானம். வாட்ச்மேனிடம் என்ன சண்டை போடுவது? நிமிர்ந்து பார்த்தால் மாடி வராந்தாவில் ஒருவன் வெள்ளைச் சட்டையோடு உலாத்துகிறான். தோளில் துணிச்சுருள். அதற்குள்ளே என் மகள். யார் அது என்று கேட்டேன். "நம்ம கஸ்பார் ஐயால்லா" என்றான்.

உன் தாய்மாமன் மகன். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் உனக்குத் தாலி கட்டியிருக்க வேண்டியவன். என் தாத்தாவின் உப்பை ஏற்றிக்கொண்டு போன உன் தாத்தாவின் தோணி கொழும்புக் கடலில் முங்கியதற்கு நானா பொறுப்பு? பாரம் அதிகம் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். பலகை இற்றுப்போயிருந்தது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். அதற்காக நான் தெருவில் நிற்க வேண்டும், அவன் என் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்த வேண்டும்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது.

உன்
சுந்தர்சிங்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
20-9-74

என் அன்பானவருக்கு,

நர்ஸக்காவின் பைக்குள்ளிருந்து உங்கள் கடிதம் டெட்டால் வாசனையோடு வந்தது. பிள்ளையைப் பற்றி நாலு வரி, கஸ்பார் மச்சானைப் பற்றி அரைப் பக்கம். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருக்குமோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. நன்றாக இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி.

பிள்ளை அழுதது. மம்மாவுக்கு மூட்டுவலி. எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. மச்சான் தூக்கினார். அவ்வளவுதான் நடந்தது. அது சரி, உங்கள் வீட்டு ஆர்மோனியத்தை இப்போது யார் வாசிக்கிறார்கள்? நாசரேத்திலிருந்து ஜெபசெல்வி டீச்சர் வந்து தங்கியிருக்கிறாளாமே? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க உங்கள் அம்மா வரவழைத்தார்களாமே? மத்தியானம் உப்பள ஆபீசுக்குத் தூக்குவாளி எடுத்து வருகிறவளும் அவள்தானாமே? நான் அந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் அந்த ஆர்மோனியம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் தொட்டால் தீட்டு. அவள் தொட்டால் சங்கீதம். வயிறு உங்களுக்கு மட்டும் எரியும் என்று நினைக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பப்பா என் கட்டிலருகில் வந்து நின்றார். "நீ போகணும்னா இப்பவே போ. எவன் தடுக்கான்? பிள்ள மட்டும் இங்கன இருக்கும். தல்மெய்தா வீட்டு ரத்தம் உப்புக்காரன் வீட்ல வளராது" என்றார். போலீஸ், வக்கீல் என்று நீங்கள் வாயெடுத்தால் பிள்ளையைத் தோணியில் ஏற்றிக் கொழும்புச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். செய்யக் கூடியவர்தான்.

நம் ரிஜிஸ்தர் கல்யாணம் கோயில் கணக்கில் கல்யாணமே இல்லையாம். கோர்ட்டுக் கணக்கை அவருடைய வக்கீல் பார்த்துக்கொள்வாராம். அதற்குப் பிறகு என்னை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் மம்மாவும் மாமியும் குசினியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளையை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். நீங்களும் என்னை அப்படிக் கூப்பிட மாட்டீர்கள் என்று தெரியும்.

எர்மலின்


ஆறுமுகநேரி
24-9-1974

எர்மலின்,

குசினியில் பேசுகிற பெயர் என்ன என்று எழுதாமல் விட்டுவிட்டாய். எழுத வேண்டாம், தெரியும். மாமி எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அவள் மகனுக்காகத்தானே?

நீ அவனை மச்சான் மச்சான் என்கிறாய். என்னைச் சொல்லும்போது 'நீங்கள்' என்பதோடு சரி. அந்த ஒரு சொல் உன் கடிதத்தில் வருகிற ஒவ்வொரு இடத்திலும் எனக்குச் சுருக்கென்று குத்துகிறது. முறை அது, வேறெப்படிக் கூப்பிடுவது என்பாய். முறை என்பதுதானே எனக்குப் பயம்.

ஜெபசெல்வி விஷயத்தில் அக்கா இல்லாததையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எனக்குத் தங்கை மாதிரி. தூக்குவாளி கொண்டு வருகிறாள், பசிக்கிறது, சாப்பிடுகிறேன். பட்டினி கிடக்கவா சொல்கிறாய்? அம்மா மனதில் என்ன இருக்கிறதோ, என் மனதில் ஒன்றுமில்லை.

"ஏலே, அந்தக் கடக்கரக்காரி இனி வரமாட்டா. நீ பாத்துக்கிட்டே இரு" என்று அம்மா தினமும் சொல்கிறார்கள். நீ வருவாய். எப்படி வருவாய் என்றுதான் தெரியவில்லை.

சுந்தர்சிங்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
30-9-74

அன்பானவருக்கு,

தங்கை மாதிரியாம். ஆர்மோனியம் வாசிக்கிற தங்கை. இருக்கட்டும், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று மிக்கேல் சம்மனசு திருநாள். பப்பாவின் பெயர்த் திருநாள் என்பதால் வீடு கொள்ளாத விருந்து. சொந்தக்காரர், தோணி முதலாளிமார், பங்குச் சாமியார் எல்லாரும் மேசையில். நான் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கஸ்பார் மச்சான் எழுந்து நின்றார். "மாமா, இந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பனா நான் நிக்கேன். பிள்ளைய எனக்குத் தாங்க" என்றார்.

சபையில் ஒருவன் அப்படிக் கேட்டுவிட்டால் எங்கள் கரையில் மறுக்க முடியாது. மறுத்தால் அவன் வம்சத்தையே வாசலில் நிறுத்தின மாதிரி. பப்பாவின் முகம் சுண்டிப்போனது. மாமி எழுந்து குசினிக்குள் போய் அழுதாள். கடைசியில் சாமியாரே "நல்லது, நல்லது" என்று சொல்லி வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஞானஸ்நானம் என்று முடித்துவிட்டார். பிரசவித்து நாற்பது நாள் கழியாததால் நான் போக முடியாது. ஞானத்தகப்பன்தான் பிள்ளையை வீட்டிலிருந்து கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார்.

இப்போது நான் கேட்பதைக் கவனமாகக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முடியும்வரை தூத்துக்குடிப் பக்கம் தலைகாட்டாதீர்கள். ஆள் விடாதீர்கள். ஞாயிறு மத்தியானம் வீட்டிலேயே இருங்கள், எங்கேயும் போய்விடாதீர்கள். ஏன் என்று எழுதமாட்டேன். அக்காவின் பையை மம்மா கிளறத் தொடங்கியிருக்கிறாள்.

உங்கள் பொறாமையை ஒரு வாரத்துக்கு மட்டும் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். எனக்காக.

எர்மலின்


ஆறுமுகநேரி
3-10-1974

எர்மலின்,

இரண்டு நாளாக உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சபையில் ஞானத்தகப்பனாக யாரை நிறுத்துவார்கள் தெரியுமா? பெற்றவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த இடத்தில் இருந்து பிள்ளையை வளர்க்க வேண்டியவனை. எனக்கு என்ன ஆகிவிட்டது? செத்தா போனேன்? ஊர் முன்னால் எழுந்து நின்று "பிள்ளையை எனக்குத் தாங்க" என்று கேட்கிறான். கொடுத்துவிட்டார்கள். நீயும் மாடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய். "அவளுக்குத் தகப்பன் இருக்கிறான்" என்று ஒரு சத்தம் போட உனக்கு வாய் வரவில்லையா? மாமி அழுதாளாம். சந்தோஷத்தில் அழுதிருப்பாள். வேறெதற்கு அழுவாள்?

இதில் எனக்குக் கட்டளை வேறு. வராதே, பேசாதே, வீட்டுக்குள் கிட. காரணம் மட்டும் எழுத முடியாது. காரணம் எனக்கே தெரிகிறது.

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல். பிள்ளைக்குத் தகப்பனாகிறவன் தாய்க்கு என்ன ஆவான்?

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். யார் தகப்பன் என்று உங்கள் கோயில் வாசலில் வைத்தே காட்டுகிறேன்.

சுந்தர்சிங்


தூத்துக்குடி
7-10-74

திரு. சுந்தர்சிங் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: அண்ணன் ஆவான்.

எங்கள் கரையில் பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்துகிறவன் அந்தப் பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் கும்பாதிரி. கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல். அன்றோடு முறை செத்துப்போகிறது. கும்பாதிரிக்கு ஒருத்தியைக் கட்டிக்கொடுக்க எங்கள் கரையில் எந்த வீட்டுக்கும் துணிச்சல் வராது, எந்தக் கிழவியும் அந்தக் கல்யாணத்தில் சோறு தின்னமாட்டாள். மாமி அதற்குத்தான் அழுதாள். பப்பா முகம் அதற்குத்தான் சுண்டியது. என்னை அடைத்துவைத்துக் கஸ்பாருக்குக் கொடுக்கலாம் என்ற கதவை மச்சானே ஊர் முன்னால் அறைந்து சாத்தினார். நான் கேட்டுக்கொண்டேன், அவர் செய்தார்.

அதோடு முடியவில்லை. வீட்டை விட்டுப் பிள்ளையை வெளியே எடுத்துப் போகிற உரிமை அன்றைக்கு அவர் ஒருவருக்குத்தான். தண்ணீர் ஊற்றியதும் கோயிலிலிருந்து நேரே காரில் பிள்ளையோடு ஆறுமுகநேரிக்கு வந்து உங்கள் கையில் கொடுப்பதாக இருந்தார். நான் அக்காவோடு பின்வாசல் வழியாகப் புறப்படுவதாக இருந்தேன். நான் போவதை எவன் தடுப்பான்? பப்பாவே சொன்னதுதானே.

உங்கள் கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. படித்துவிட்டு யாரிடம் சொல்லி யாரை அனுப்புவேன்? கட்டிலில் உட்கார்ந்து விடிகிறவரை அழுதேன்.

நீங்கள் ஜீப்பில் உப்பள ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். பிள்ளை கையில் இருக்கிறவரைக் கன்னத்தில் அறைந்தீர்கள். மாசானம் வந்து சொன்னான். மச்சான் திருப்பி அடிக்கவில்லையாம். பிள்ளையின் தலையை மட்டும் கையால் மூடிக்கொண்டாராம். சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். பெற்றவர்களுக்குள் தீர்ந்தால்தான் ஞானஸ்நானம் என்று சொல்லிவிட்டார்.

பப்பா நேற்றிலிருந்து விசில் அடித்துக்கொண்டு திரிகிறார். மாமி குசினியிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டாள். கிறிஸ்மஸ் கழிந்ததும் கல்யாணம் என்று இப்போது சத்தமாகவே பேசுகிறார்கள்.

இதையெல்லாம் இனி மறைத்து என்ன? மம்மா வேண்டுமானால் படித்துக்கொள்ளட்டும்.

எர்மலின்


ஆறுமுகநேரி
10-10-1974

எர்மலின்,

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிற யோக்கியதைகூட எனக்கு இல்லை. நான் அறைந்தபோது பிள்ளை வீரிட்டு அழுதது. என் மகளின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான். அன்றிலிருந்து அது காதுக்குள்ளேயே இருக்கிறது.

ஜெபசெல்வியை நாசரேத்துக்கு அனுப்பிவிட்டேன். அம்மாவோடு பேச்சில்லை. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ போட்ட திட்டத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. அது முடியவில்லை என்னால்.

இவ்வளவு ஆன பிறகும் கேட்காமல் இருக்க முடியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல். நீ கேட்டுக்கொண்டாய், அவன் செய்தான் என்கிறாய். உன்னைக் கட்டிக்கொள்கிற வழி திறந்து கிடக்கும்போது, தன் கையாலேயே அதைச் சாத்துகிறவன் ஏன் சாத்துகிறான்?

சுந்தர்சிங்


சேசு மரி சூசை

தூத்துக்குடி
12-10-74

கேட்டீர்கள், சொல்கிறேன்.

அவருக்கு என் மேல் ஆசை. நான் கான்வென்டில் படிக்கிற காலத்திலிருந்தே ஆசை. உங்களோடு நான் பாளையங்கோட்டைக்குக் கிளம்பிய அன்றைக்கு, மத்தியானத்துக்கு மேல் பப்பா தேடத் தொடங்கியபோது, நான் கோயிலில் இருக்கிறேன் என்று பொய் சொல்லி நமக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் இருக்கிற இருப்பு எனக்குத் தெரியும்.

ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று நான் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எர்மி, நீ என்ன கேக்கன்னு தெரிஞ்சுதான் கேக்கியா?" என்றார். தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு சரி என்றார். போதுமா?

இனிமேல் பொறாமைப்படுவதென்றால் ஒழுங்காகப் படுங்கள். வெள்ளைச் சட்டைக்கும் 'மச்சான்' என்ற சொல்லுக்கும் பொறாமைப்படாதீர்கள். இதற்குப் படுங்கள். இதற்குப் பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

வழி இன்னும் ஒன்று இருக்கிறது. ஞானத்தகப்பனைப் பிள்ளையைப் பெற்றவனே நேரில் போய், நாலு பேர் முன்னால் கேட்டுக்கொண்டால், தாத்தாவோ பாட்டியோ அதில் தலையிட முடியாது. அப்படிக் கேட்டு அவர் சம்மதித்தால் சாமியாரும் மறுக்கமாட்டார், பிள்ளையை எங்கள் வேதத்தில் வளர்க்க நீங்கள் எங்கள் கோயிலில் சம்மதம் எழுதிக் கொடுத்தால். உங்கள் அப்பா அதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். மச்சானிடம் நீங்கள் போவீர்களா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

எர்மலின்


ஆறுமுகநேரி
16-10-1974

என் எர்மலினுக்கு,

போனேன்.

வீட்டுக்குப் போகவில்லை. தோணி கட்டுகிற இடத்தில் இருப்பான் என்றார்கள். மேஸ்திரியும் ஆசாரிமாரும் ஆட்களுமாக ஒரு கூட்டமே வேலை செய்துகொண்டிருந்தது. நான் தனியாகத்தான் போனேன். என்னைக் கண்டதும் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. உன் கஸ்பார் ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன, மறு கன்னம் பாக்கி இருக்குன்னு வந்தீரா?" என்றான்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்தது மறந்துபோயிற்று. "அடிச்சது தப்பு. என் பிள்ளைக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும். அதக் கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

"அவ கேட்டா, அவளுக்காகச் செஞ்சேன். நீரு கேட்டுச் செய்ய எனக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் கேக்கேன்."

அவன் கிட்ட வந்து என் முகத்துக்கு நேரே நின்றான். நான் தலையைக் குனியவில்லை, குனிந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். பிறகு சொன்னான்: "அப்ப கும்பாதிரின்னு கூப்பிடும். இங்கன நிக்க அம்புட்டுப் பேர் காதுலயும் விழட்டும்."

கூப்பிட்டேன். ஒரு தடவை கூப்பிட்டது அவனுக்குப் போதவில்லை. இன்னொரு தடவை என்றான். கூப்பிட்டேன்.

எர்மலின், உன்னிடம் மறைக்கமாட்டேன். அந்த நிமிஷத்தில் அவனை வெறுத்தது போல நான் யாரையும் வெறுத்ததில்லை. உன்னை எனக்குத் தருகிறவன் மாதிரி நின்றான். நீ ஏற்கெனவே என் மனைவி, இவன் யார் தர? என்று மனம் கொதித்தது. ஆனால் தந்தான். ஊர் முன்னால் தந்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் தந்திருக்கமாட்டேன் என்பது எனக்குத் தெரியும், அதுதான் தாங்கவில்லை. உன்னை என்னைவிட அவன் அதிகமாக நேசிக்கிறானோ என்ற நினைப்பு இனி என்னை விடாது.

சாமியாரிடம் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்றார். எங்கள் சபை ஐயருக்கு விஷயம் எட்டி, அப்பாவுக்கும் எட்டியது. உப்பள ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டார். மெஞ்ஞானபுரத்துப் பக்கம் ஒரு சிநேகிதனின் வீடு காலியாக இருக்கிறது, அங்கே போகலாம். ஆர்மோனியம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குள் வரமாட்டேன். வந்தால் மறுபடியும் ஏதாவது செய்துவிடுவேனோ என்று எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக் காரோடு நிற்கிறேன். பிள்ளையை அங்கே கொண்டுவந்து தருவதாக அவன் சொல்லியிருக்கிறான்.

உன்
சுந்தர்சிங்


தூத்துக்குடி
20-10-74, காலை

என் அன்பானவருக்கு,

இது பிள்ளையின் துணிக்குள் வருகிறது. கொண்டுவருகிறவர் வண்டியில் இருந்தபடியே முதலில் இதைத்தான் எடுத்துத் தருவார். படித்துவிட்டுப் பிள்ளையை வாங்குங்கள், அவசரமில்லை.

பப்பா விடிந்ததிலிருந்து தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். மம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். மாமி வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அக்கா பின்வாசலில் இருக்கிறார்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருப்பேன்.

பிள்ளையை வாங்க இப்போதுதான் மாடிக்கு வந்தார். வழக்கம் போல மச்சான் என்று வாயில் வந்துவிட்டது. "இன்னைக்கு மட்டும் கூப்பிட்டுக்க. தண்ணி ஊத்துத வரைக்கும் நான் மச்சான்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், இன்னொரு தடவை மச்சான் என்று கூப்பிட்டேன். அதற்காகவும் நீங்கள் பொறாமைப்படலாம். படுங்கள், நான் தடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்தது உங்களைத்தான், இன்றைக்கும் உங்களிடம்தான் வருகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் மகளைக் கொண்டுவந்து தருகிறவர் கையில் வாங்கியதிலிருந்து அவளைக் கீழே விடவில்லை. அவர் வண்டியிலிருந்து இறங்கியதும் கையை நீட்டிவிடாதீர்கள். அவராகத் தரும்வரை பொறுத்திருங்கள்.

எர்மலின்